வரிசையில் இரண்டாவது விமானம்

மே 11, ஞாயிறு

இன்று தேர்வு எழுதினேன். எழுபத்தோரு வயதில் என் முதல் தேர்வு.

இந்த நோட்டை முதியோர் எழுத்தறிவு வகுப்பு ரெஜினா டீச்சர் கொடுத்தார். தினமும் நாலு வரியாவது எழுதுங்கள், இல்லாவிட்டால் கை மறந்துவிடும் என்றார். புத்தகத்தில் இருப்பதுபோல எழுத வேண்டுமாம். யாராவது பேசியதை எழுதினால் மட்டும் அவர்கள் பேசியபடியே எழுதலாமாம். அப்படியே செய்கிறேன்.

என் பெயர் கொளஞ்சி. விருத்தாசலம் பக்கம். இந்த ஊர் விமான நிலையத்தில் ஓடுபாதையின் ஓரம் முப்பத்தோரு வருடம் காண்டிராக்டில் புல் வெட்டினேன். என் மகள் மங்கையர்க்கரசி அதே விமான நிலையத்தில் அதிகாரி. அரசி என்றுதான் கூப்பிடுவோம். எந்த விமானம் எப்போது இறங்க வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று ரேடியோவில் சொல்கிற வேலை. அவள் சொன்னால் நூறு டன் இரும்பு வானத்தில் திரும்பும். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

தேர்வுக்கு அவளும் வர வேண்டும் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். இன்று அவளுக்குக் காலை வேலை. கூட வேலை பார்க்கும் பெனடிக்ட் தம்பியிடம் மாற்றிக்கொண்டு மாலை வேலைக்குப் போகிறேன் என்றாள். அதிகாலை நாலு மணிக்கே அவளை எழுப்பி ஒரு பத்தி சொல்லச் சொல்லி எழுதிப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

மூன்று மணி நேரமும் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்றாள். கடைசிக் கணக்கு முடியும் முன்னே மணி அடித்துவிட்டது. மேற்பார்வைக்கு வந்த அம்மாவிடம், "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்கம்மா" என்றேன். பத்து நிமிடம் கொடுத்தார். நல்ல அம்மா.

மாலையில் இடியும் மழையும். ஒரு மணி நேரமாகியும் எந்த விமானமும் இறங்கும் சத்தம் கேட்கவில்லை. பிறகு மேலே நிறைய சுற்றின. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மேகம்தான் தெரிந்தது.

மே 12, திங்கள்

நேற்று அரசி தாமதமாக வந்தாள். சாப்பிடவில்லை. பரீட்சை எப்படி எழுதினேன் என்று நான் மறுபடி சொன்னேன். கேட்டாள்.

இன்று ஷாம்பு பாக்கெட்டின் பின்பக்கம் முழுவதையும் படித்தேன். கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும்.

மே 13, செவ்வாய்

அரசி இன்றும் வேலைக்குப் போகவில்லை. லீவு என்றாள். காரணம் கேட்டேன். "லீவுன்னா லீவுதாம்பா" என்றாள்.

வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறாள். அவள் நடந்தால் எனக்கும் உட்கார முடியவில்லை. இரண்டு பேரும் கூடத்தில் எதிரெதிரே நடந்தோம். வீடு சிறியது. மூன்று முறை முட்டிக்கொண்டோம்.

மே 14, புதன்

பெனடிக்ட் தம்பி வந்தார். நல்ல பிள்ளை. என்னை ஐயா என்பார். அடுப்படியில் இருந்தபடி கேட்டதை எழுதுகிறேன். ஒட்டுக்கேட்கவில்லை. கதவு இல்லாத அடுப்படி.

"விசாரணை முடியறவரைக்கும் உன்ன ரேடார்ல உட்கார வைக்க மாட்டாங்க. அது வழக்கம்தான். உனக்கு மட்டும் பண்றதில்ல" என்றார் அவர்.

"தெரியும்" என்றாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல அரசி. அத மொதல்ல நெனச்சுப் பாரு."

"பத்தொம்பது நிமிஷம் பெனடிக்ட். முப்பது இருக்கணும். பத்தொம்பதுக்குத்தான் எரிபொருள் மிச்சம்."

பிறகு அவர், "அன்னிக்கு அந்த சீட்ல நாந்தான் உட்கார்ந்திருக்கணும். நீ காலையில வந்திருந்தா..." என்றார்.

எனக்குச் சட்னி அரைக்க வேண்டியிருந்தது. மிக்சியைப் போட்டுவிட்டேன். மிச்சம் கேட்கவில்லை.

மே 15, வியாழன்

கேட்டே விட்டேன். "பாப்பா, என்னதான் ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

முதலில் முறைத்தாள். பிறகு இட்லித் தட்டுகளை எடுத்து வந்து மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

மழையால் ஓடுபாதை அடைபட்டால், வந்த விமானங்கள் எல்லாம் ஓர் இடத்தின்மேல் வட்டமடிக்கும். இந்தத் தட்டு மாதிரி, ஒன்றுக்கு மேல் ஆயிரம் அடியில் இன்னொன்று. மழை விட்டதும் அடித்தட்டு முதலில் இறங்கும். பிறகு அதற்கு மேலே உள்ளது. எல்லோருக்கும் வரிசை எண் சொல்லிவிடுவார்கள்.

"எண்ணெய் தீந்துட்டா?" என்றேன்.

"தீர விடக் கூடாதுப்பா. ஒவ்வொரு விமானத்துலயும் கடைசி அரைமணி நேரத்துக்கான எரிபொருள் இருக்கும். அது செலவு பண்றதுக்கு இல்ல. இறங்கினதுக்கப்புறமும் அது டேங்க்ல அப்படியே இருக்கணும். அதுல கை வைக்கிற நெலம வந்துட்டா 'மேடே'ன்னு மூணு தடவ சொல்லுவாங்க. சொல்லிட்டா முடிஞ்சுது. நான் எல்லாரையும் ஒதுக்கிட்டு அவர மொதல்ல எறக்கணும்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி 'மினிமம் ஃபியூவல்'னு சொல்லலாம். எனக்கு வேற ஊருக்குப் போற அளவு எரிபொருள் இல்ல, இங்கதான் எறங்கணும், இன்னும் தாமதப்படுத்தினா அந்த அரைமணியில கை வச்சிருவேன்னு அர்த்தம். அது தகவல் மட்டும்தான். அதச் சொன்னா வரிசையில முந்த முடியாது. இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்னு நான் அவருக்குச் சொல்லணும், அவர்மேல ஒரு கண்ணு வச்சுக்கணும். அவ்ளோதான்."

அன்று நாலாவது தட்டில் இருந்தவர் மினிமம் ஃபியூவல் என்று சொன்னார். அரசி அவரைப் பக்கவாட்டில் இறக்கி இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தாள். இரண்டாவது தட்டில் இருந்தவரை நாலாவது இடத்துக்கு அனுப்பினாள்.

"அவரு என்னா சொன்னாரு? சண்ட போட்டாரா?"

"'ரோஜர்'னு மட்டும் சொன்னாரு. சரின்னு அர்த்தம். அவரோட எரிபொருள் ரெண்டாவதா எறங்கினா சரியாப் போதும். எனக்குத் தெரியாது. நான் கேக்கல. ஏழு நிமிஷம் கழிச்சு அவரு மேடேன்னாரு."

எல்லாவற்றையும் ஒதுக்கி அவரை இறக்கியிருக்கிறாள். முந்தி வந்தவர் இறங்கியபோது நாற்பத்தோரு நிமிடத்துக்கு எரிபொருள் இருந்தது. பேசாமல் ஒதுங்கியவருக்குப் பத்தொன்பது.

"ஒரு கேள்விப்பா. 'உங்ககிட்ட எத்தன நிமிஷத்துக்கு இருக்கு?' அத மட்டும் கேட்டிருந்தாப் போதும்."

தட்டுகளை நான் கழுவி வைத்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

மே 16, வெள்ளி

ரேஷன் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். பலகையில் "பாமாயில் இருப்பு குறைவு" என்று எழுதியிருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்துக் காட்டினேன். கடைக்காரர் சிரித்தார். "பெருசு படிச்சிருச்சே!" என்றார். முட்டி வலிக்கிறது, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க என்றேன். முன்னால் கூப்பிட்டு எனக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். எங்கள் குடியிருப்பில் துணி தேய்க்கும் பச்சையம்மா வரிசையில் எனக்கு ரொம்ப முன்னாலேயே நின்றிருந்தாள். அவள் முறை வந்தபோது பாமாயில் தீர்ந்துவிட்டதாம்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதுமே அதிகம் பேச மாட்டாள்.

மே 18, ஞாயிறு

பெனடிக்ட் மறுபடி வந்தார். செவ்வாய்க்கிழமை விசாரணை. டெல்லியிலிருந்து இரண்டு பேர். இங்கிருந்து தணிகாசலம் சார். தணிகாசலம் சாரை எனக்குத் தெரியும். அவர் சின்ன அதிகாரியாக ஜீப்பில் வந்த காலத்தில் நான் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முறை அவர் ஜீப் சேற்றில் மாட்டியபோது தள்ளிவிட்டிருக்கிறேன்.

இன்று அவர்கள் பேசியதில்தான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. பேச்சு எல்லாம் நாடாவில் பதிவாகிவிடும். அதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். நாலாவது விமானத்தின் பைலட் மினிமம் ஃபியூவல் என்று சொன்ன பிறகு, ஓர் இடத்தில் "வேற்று மொழியில் சில சொற்கள்" என்று மட்டும் போட்டிருக்கிறதாம்.

"அது என்னான்னு உன்னத்தான் எழுதிக் குடுக்கச் சொல்லுவாங்க" என்றார் பெனடிக்ட். "வணக்கம் சொன்னாருன்னு எழுதிடு. எத்தன பேரு வணக்கம் சொல்றாங்க! டெல்லிக்காரங்களுக்கு என்ன தெரியப்போவுது? எரிபொருள் பத்தி பயந்து முன்னாடி விட்டேன்னு சொல்லு. தீர்மானத்துல தப்பு. அதுக்கு ஒரு வாரம் பயிற்சியோட போயிரும்."

"அவர் வணக்கம் சொல்லல பெனடிக்ட்."

"எனக்குத் தெரியும்மா. நாடாவ நானும் கேட்டேன்."

"என்னா சொன்னாரு?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

அரசி என்னைப் பார்க்கவில்லை. "'கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க மேடம்'னு சொன்னாருப்பா."

எனக்கு இதில் என்ன தப்பு என்று விளங்கவில்லை. எல்லோரும் சொல்வதுதானே. நான் இந்த ஒரு வார்த்தையில்தான் காண்டிராக்ட் வேலை வாங்கினேன். இந்த ஒரு வார்த்தையில்தான் அவளைப் பள்ளியில் சேர்த்தேன். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்ததும் அதில்தான்.

"அதனாலதாம்பா" என்றாள். "நாள் பூரா இங்கிலீஷ்லயே பேசறேன். எல்லாம் நம்பரு, உயரம், திசை. திடீர்னு காதுல அது வந்து விழுந்துச்சு. யோசிக்கவே இல்ல. கை தானா எடுத்து அவர முன்னாடி வச்சிருச்சு. ரெண்டாவதா இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. எப்படிக் கேக்கறதுன்னு அவருக்குத் தெரியாது."

"அப்ப வணக்கம்னே எழுதிடு பாப்பா. பெனடிக்ட் சொல்றது சரி" என்றேன்.

எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

மே 19, திங்கள்

காலையில் நடந்துவிட்டு வந்தேன். வடக்கு வாசல் பக்கம் புல் நன்றாக வளர்ந்திருக்கிறது. இப்போது வெட்டுகிறவர்களுக்கு வேலை தெரியவில்லை. பழைய ஆள் ஒருவரைப் பார்த்தேன். மழையைப் பற்றிப் பேசினோம்.

மே 20, செவ்வாய்

அரசி காலை ஒன்பதுக்குப் போனாள். நான் பத்து மணிக்கு வெங்காயம் உரித்தேன். பதினொன்றுக்கு மறுபடியும் உரித்தேன். இவ்வளவு வெங்காயம் எதற்கு என்று தெரியவில்லை. மாடி ஏறினேன், இறங்கினேன். பதினேழு விமானங்கள் இறங்கின. பதினெட்டாவது வந்தபோது அவள் வாசலில் நின்றாள்.

செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"நேத்து தணிகாசலம் சாரப் பாத்தியா?"

"நடக்கப் போனேன்..."

"பாத்தியா இல்லியா?"

பார்த்தேன் என்றேன்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். நாடாவை ஓடவிட்டார்கள். அந்த இடம் வந்ததும் டெல்லி அதிகாரி நிறுத்தி, என்ன சொன்னார் என்று கேட்டார். அவள் உண்மையைச் சொன்னாள். ஆனால் அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வதென்று தெரியவில்லை. பார்த்துச் செய்யுங்கள் என்றால், கவனமாக வேலை செய்யுங்கள் என்று புத்தி சொன்னதாக ஆகிறது. உதவி செய்யுங்கள் என்றாலும் முழுதாக வரவில்லை. டெல்லி அதிகாரிக்குப் புரியவே இல்லை. இதற்காகவா ஒரு விமானத்தைத் தள்ளினீர்கள் என்று மறுபடி மறுபடி கேட்டிருக்கிறார்.

அப்போது தணிகாசலம் சார் சொன்னாராம்: "நான் விளக்கறேன். இந்தப் பெண்ணோட அப்பா நேத்து வடக்கு வாசல்ல என் காரை நிறுத்தி, என் கையப் புடிச்சுக்கிட்டு, இதே வார்த்தையச் சொன்னார். எனக்கு அவரப் பிடிக்கும். ராத்திரி பூரா என்ன பண்றதுன்னு யோசிச்சேன். இந்த வார்த்தை அதைத்தான் செய்யும்."

டெல்லி அதிகாரிக்கு அப்போதுதான் புரிந்ததாம். தணிகாசலம் சார் அதோடு குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"சேத்துல ஜீப்பு தள்ளினத ஞாபகப்படுத்தினியாமே" என்றாள் அரசி.

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 21, புதன்

பேசவில்லை. ரசம் வைத்தேன். சாப்பிட்டாள். பேசவில்லை.

மே 22, வியாழன்

இன்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தேன்.

திங்கட்கிழமைப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். பழைய ஆளைப் பார்த்தேன், மழையைப் பற்றிப் பேசினோம் என்று எழுதியிருக்கிறேன். மழையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுத்துத் தெரிந்து மூன்று மாதத்துக்குள் பொய் எழுதிவிட்டேன். வாயால் சொன்ன பொய் காற்றோடு போய்விடும். இது இங்கேயே கிடக்கிறது, என் கையெழுத்தில்.

அதனால் இதையும் எழுதுகிறேன். பதினாலாம் தேதி நான் மிக்சியைப் போட்டது சட்னிக்காக இல்லை. அன்று சட்னியே வைக்கவில்லை. மிக்சிக்குள் தண்ணீர்தான் இருந்தது. பெனடிக்ட் சொல்லவந்ததைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் எனக்காகத்தான் வேலையை மாற்றிக்கொண்டாள். நாலு மணிக்கு எழுப்பினவன் நான். காலை வேலைக்குப் போயிருந்தால் வெயிலில் ஒவ்வொரு விமானமாக இறக்கிவிட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்திருப்பாள்.

அவள் இதுவரை என்னிடம் இதைச் சொல்லவில்லை. விசாரணையிலும் சொல்லவில்லை என்று பெனடிக்ட் சொன்னார். சொந்த வேலை இருந்தது என்று மட்டும் சொன்னாளாம்.

இந்தப் பக்கம் எழுத இரண்டு மணி நேரம் ஆனது.

மே 23, வெள்ளி

நேற்று எழுதியதை அவளிடம் கொடுத்தேன். படித்துக் காட்டவில்லை, அவளையே படிக்கச் சொன்னேன். நின்றபடியே படித்தாள். ஒரு இடத்தில் உதட்டைக் கடித்தாள். மிக்சி இடம் என்று நினைக்கிறேன்.

பிறகு உட்கார்ந்தாள். "மாத்திக்கிட்டது தப்பு இல்லப்பா. தூக்கம் சரியாத்தான் இருந்துச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்ப எம்மேல கோவம் இல்லியா?"

"இருக்கு. அது வேற." நோட்டை மூடி என்னிடம் நீட்டினாள். "அந்த ரெண்டாவது விமானத்துல நூத்தி நாப்பத்தாறு பேருப்பா. அவங்க அப்பா யாரும் வடக்கு வாசலுக்கு வரல."

எழுந்து வெளியே போனேன். பச்சையம்மா தள்ளுவண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பாமாயில் பாக்கெட்டை அவளிடம் கொடுத்தேன்.

"எதுக்கு?" என்றாள்.

"ஒன்னுது."

"அதெல்லாம் வேணாம் பெரியவரே. நான் கடையில காசு குடுத்து வாங்கிட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெட்டியைத் தூக்கிச் சட்டையின் காலரில் அழுத்தினாள். கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள்.

மே 30, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. இரண்டு பக்கம். ஆங்கிலம். நான் எண்களை மட்டும் படித்தேன். அரசி மிச்சத்தைச் சொன்னாள். மூன்று வாரம் பயிற்சி அறையில் உட்கார வேண்டும். அங்கே திரையில் பொய் விமானங்கள் வரும். பிறகு தேர்வு. அதில் தேறினால் மறுபடி உண்மையான விமானங்கள். தேறாவிட்டால் ரேடார் கிடையாது. காகித வேலைதான். முந்தி வந்த அந்த பைலட்டையும் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

"நல்லதாப் போச்சு" என்றேன்.

"நான் காகித வேலையே கேட்டு எழுதிக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

பதினோரு வருடம் பார்த்த வேலை.

"ஏம்மா?"

"அந்தக் குரல் மறுபடி வந்தா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. தெரியாம அங்க உட்காரக் கூடாது."

பதினைந்தாம் தேதிக்குள் பதில் எழுத வேண்டுமாம்.

ஜூன் 3, செவ்வாய்

எழுதவில்லை. நானும் எழுதவில்லை, அவளும் எழுதவில்லை. மேலே ஒரு விமானம் வட்டமடித்தால் இரண்டு பேரும் சாப்பாட்டில் கை வைத்தபடி நிற்கிறோம். அது இறங்கிய பிறகுதான் பிசைகிறோம்.

ஜூன் 8, ஞாயிறு

ரெஜினா டீச்சர் வீட்டுக்கே வந்தார். நான் தேறிவிட்டேன்! சான்றிதழில் என் பெயர் அச்சில் இருக்கிறது. நானே படித்தேன். இருபது தடவையாவது படித்திருப்பேன். டீச்சர் மைசூர்பாகு கொண்டுவந்திருந்தார். எனக்குச் சர்க்கரை என்று அவருக்குத் தெரியாது. இரண்டு சாப்பிட்டேன்.

அவர் போன பிறகு அரசி கைதட்டினாள். இத்தனை நாளில் அவள் முகம் தெளிந்தது இன்றுதான். அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை.

"கடைசிக் கணக்குக்கு மேற்பார்வை அம்மா எனக்குப் பத்து நிமிஷம் சேத்துக் குடுத்தாங்க பாப்பா" என்றேன்.

"சும்மாவா?"

"கேட்டேன்."

"என்னான்னு கேட்ட?"

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் முதலில் என்னை முறைத்தாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் பக்கத்தில் போனேன். சிரிப்புத்தான். "உன்னையும் பயிற்சிக்கு அனுப்பணும்பா" என்றாள்.

"அனுப்பு. நான் போவேன்" என்றேன். "ஒன்ன மாதிரி பயந்துக்க மாட்டேன்."

சிரிப்பை நிறுத்திவிட்டாள். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் 14, சனி

நாளைக்குள் பதில் எழுத வேண்டும். காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அவளும் இரண்டு முறை குளித்தாள்.

மதியம் மூன்று மணிக்கு அவள் பழைய காலண்டர் தாள்களைக் கிழித்து ஐந்து அட்டைகளாக மடித்தாள். ஒவ்வொன்றிலும் எண் போட்டு, அதன் கீழே தமிழில் பெரிய எழுத்தில் எதையோ எழுதினாள். என்னைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டாள்.

"நீதான் பைலட்டு. அஞ்சு பேரும் நீதான். வரிசையா அட்டையில இருக்கறதப் படி. படிச்சப்பறம் உன் இஷ்டத்துக்கு என்ன வேணா பேசு. எப்படி வேணா கெஞ்சு. நான் ஒனக்கு எரங்கறேனா பாக்கலாம்."

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கக் கூடாதாம். வேலையிலும் முகம் தெரியாதாம். இவ்வளவு வருடமாக அவள் கண்ணாடிக் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவள் அறைக்கு ஜன்னலே கிடையாதாம்.

முதல் அட்டையைப் படித்தேன். மெதுவாகத்தான் படிக்க வந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவதைப் படித்தேன். அதற்கும் பதில் சொன்னாள். நாலாவதில் "மினிமம் ஃபியூவல்" என்று இருந்தது.

படித்தேன்.

"தகவல் கெடச்சுது. நீங்க நாலாவது. பதினாலு நிமிஷம் ஆகும். அதுக்கு மேல தாமதம் இல்ல" என்றாள் சுவரைப் பார்த்து.

"கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க மேடம்" என்றேன்.

அவள் கழுத்து விறைத்தது. பின்னாலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"மேடே அறிவிக்கிறீங்களா?"

"அது எதுக்கும்மா அம்மாம் பெரிய வார்த்த? நூத்தி அறுவது பேரு இருக்காங்க. ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு வேற இருக்கு. நீங்க மனசு வச்சா ஆவாதா?"

"மேடே அறிவிக்கலன்னா நீங்க நாலாவதுதான். பதிமூணு நிமிஷம்."

"பாப்பா, அப்பா சொல்றேன்."

"ரேடியோவுல அப்பா கெடையாது."

நான் விடவில்லை. குரலைத் தாழ்த்தினேன், நடுங்க வைத்தேன், அவள் அம்மா பேரைச் சொன்னேன். பொய்க்குத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அவள் ஒவ்வொரு முறையும் நாலாவது என்று சொல்லச் சொல்ல எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. பெற்ற அப்பன் இவ்வளவு கெஞ்சுகிறேன், அசையவில்லையே என்று மேசையைத் தட்டினேன். அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. விரல்கள் வெளுத்திருந்தன. ஆனால் குரல் மாறவில்லை.

கடைசியில் நான் ஓய்ந்துபோய் நிறுத்தினேன். தண்ணீர் குடித்தேன். வேர்த்துவிட்டது.

அப்போது அவள் சொன்னாள்: "ரெண்டாவது விமானம். உங்ககிட்ட எத்தன நிமிஷத்துக்கு எரிபொருள் இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாவது அட்டையை நான் படிக்கவே இல்லை. ஒன்றுக்குப் பிறகு மூன்றுக்குப் போய்விட்டேன். மேசையில் தேடினேன். கீழே தேடினேன். என் தொடைக்கு அடியில் இருந்தது, நானே அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் 2 என்ற எண் மட்டும்தான். அதன் கீழே ஒன்றுமே இல்லை. படிக்க எதுவும் இல்லாததால்தான் எடுத்த கையோடு நாற்காலியில் வைத்திருக்கிறேன்.

"இதுல ஒண்ணும் எழுதலியேம்மா."

"அது பேசாதுப்பா. கேட்டாத்தான் சொல்லும். எத்தன நிமிஷம்?"

வெற்று அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நூற்று நாற்பத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தெட்டு" என்றேன்.

"நீங்க ரெண்டாவதேதான். யாரும் முந்த மாட்டாங்க. ஆறு நிமிஷத்துல எறங்குறீங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ மொதல்லருந்து" என்றாள். "இந்தத் தடவ அந்த நிமிஷக் கணக்க மாத்தி அட்டையில எழுதிக்க. எனக்குத் தெரியக் கூடாது."

பேனாவை எடுத்து, சுவரைப் பார்த்திருக்கிறவள் எப்படிப் பார்ப்பாள் என்றுகூட யோசிக்காமல், அட்டையை இடது கையால் நன்றாக மறைத்துக்கொண்டு, வேறொரு எண்ணை எழுதினேன்.